மருத்துவக் கட்டுரைகளும் தொண்டர் வாசகர்களும்

குழந்தை அழுகிறது, கண்ணில் நீர் வருவதில்லை. என்.ஜி.எல்.ஒய்.1 என்னும் மரபணு பழுதுற்றுப் பிறந்த குழந்தைகளிடம் காணப்படும் அறிகுறி இது. பழுதான புரதங்களிலிருந்து சர்க்கரைச் சங்கிலியைக் களையும் நொதி அவர்கள் உடலில் சரிவரச் செயற்படுவதில்லை. உடல் அசைவு தன் வசமிராது, வளர்ச்சியும் பின்தங்கும். 2012-ஆம் ஆண்டில்தான் இந்நோய் மருத்துவ உலகிற்கு அறிமுகமாயிற்று. நோயாளிகள் மிகச் சிலர். ஆதலின் இதற்கென்றே எழுதப்பெற்ற கட்டுரைகளும் சிலவே.

ஆயினும், பயன்படும் செய்தி வேறொரு துறையில், வேறொரு பெயரில் கிடக்கக்கூடும் அல்லவா? 1986-இல் சிகாகோப் பல்கலைக்கழகத்து டான் ஸ்வான்சன் இதற்குச் சான்று காட்டினார். குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் ரேனோ நோயைப் பற்றிய கட்டுரைகள், அந்நோயாளிகளின் இரத்தம் பாகுபோல் தடித்திருப்பதைக் கூறின. மீன் எண்ணெயைப் பற்றிய கட்டுரைகள், அது அத்தடிப்பைக் குறைப்பதைக் கூறின. ஒரு சாரார் எழுதியதை மறு சாரார் படித்தாரில்லை. ஸ்வான்சன் மருத்துவர் அல்லர், நூலகவியல் அறிஞர். இரண்டையும் சேர்த்துப் படித்து, மீன் எண்ணெய் பயன்படலாம் என எழுதினார். 1989-இல் வெளியான மருத்துவச் சோதனை ஒன்று அவர் ஊகத்திற்கு ஆதரவளித்தது.

அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட் பட்டியலில் இன்று 3 கோடியே 50 இலட்சத்திற்கு மேற்பட்ட பதிவுகள் உள்ளன. தனியொருவர் படித்து முடிக்கக் கூடியதன்று. கணிப்பொறியிடம் ஒப்படைக்கலாமே எனில், இன்ன சொல் நோய், இன்ன சொல் மரபணு என்று அதற்கும் யாரேனும் காட்டித்தர வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எமக்கு இவ்விடர் புதிதன்று. ஒரே பொருளுக்கு இலாகாவிற்கொரு சொல் வழங்கக் கண்டிருக்கிறோம். மேற்சொன்ன நொதிக்கும் பி.என்.ஜி.ஏஸ் என்று வேறொரு பெயர் உண்டு. ஒரு பெயரை மட்டும் தேடுவோர் மற்றதைத் தவறவிடுவர்.

கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தார் இப்பணிக்குப் பொதுமக்களை அழைத்தனர். 'மார்க்2கியூர்' என்னும் அத்திட்டத்தில் சேர்ந்தோர், ஊதியம் ஏதுமின்றி, கட்டுரைச் சுருக்கங்களைக் கணிப்பொறித் திரையில் படித்து, நோய், மரபணு, மருந்து ஆகியவற்றின் பெயர்களில் குறியிட்டனர். பொருள் முழுதும் விளங்கவேண்டும் என்பதில்லை. எது நோயின் பெயர் என்பதை வாக்கியத்தின் போக்கே பெரும்பாலும் காட்டிவிடும். ஒரே சுருக்கம் பலரிடம் தரப்பட்டது. ஒருவர் விட்டதை மற்றொருவர் பிடித்தார். பலர் ஒத்துக் குறித்தது ஏற்கப்பட்டது. நிபுணரல்லாதார் திரட்டிய இவ்விடைகள் பெரிதும் பிழையற்றவை என்று 2016-இல் ஆய்வாளர் வெளியிட்டனர். கண்ணீர் வாராத அந்நோயைச் சார்ந்த கட்டுரைகளும் அவர்கள் முன் வைக்கப்பட்டன. இதனால் மருந்து கிடைத்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. எங்கே தேடலாம் என்பதற்கு வழி கிடைத்தது, அவ்வளவே.

அதே 2016-இல் தொடங்கிய 'காக்ரேன் கிரவுட்' திட்டத்தில் கேள்வி இன்னும் எளிது: நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனையா இது, அன்றா? ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் நாகபுரியிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும்கூட இதில் பங்குகொள்ள இயலும்; மருத்துவப் பட்டம் கேட்கப்படவில்லை. புகுவோருக்கு முதலில் மாதிரிக் குறிப்புகளில் பயிற்சி தந்தனர். விடைகள் முரண்பட்டபோது, அக்குறிப்பு அனுபவம் மிக்கவர் ஒருவரின் தீர்ப்பிற்குச் சென்றது.