மருந்துச் சீட்டின் மறுபக்கம் – 14: ஆஸ்பத்திரிக்கு ஒரு பாஸ்புக்

போன வாரம் ஸ்டென்ட்டில் விட்டோம். மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டிய கதை. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம், காப்பீட்டுத் திட்டத்தின் ‘பேக்கேஜ்’ கணக்கைப் பயிற்சி மருத்துவர்களுக்கு யார் சொல்லித்தருகிறார்கள் என்று எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். உட்காரவும் செய்தேன். குறுக்கே ஒரு பாஸ்புக் வந்துவிட்டது.

வங்கி பாஸ்புக் அல்ல, ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து பாஸ்புக். 1994இல் பதிவாகி, 1995 தொடக்கத்தில் வேலையை ஆரம்பித்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் ஏற்பாடு அது. ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று ஒதுக்கீடு. மருந்தாளுநர் அந்தப் புத்தகத்தோடு மாவட்டக் கிடங்குக்குப் போவார். எடுத்த மருந்தின் மதிப்பு கழிக்கப்பட்டு, மீதி எழுதப்படும். இப்போது கணக்கு கணினிக்குப் போய்விட்டது, தத்துவம் அதேதான்.

என்னைத் தூங்கவிடாத விஷயம் இதுதான்: ஒதுக்கீடு மாத்திரைக் கணக்கில் இல்லை, ரூபாய்க் கணக்கில். பட்டியலில் உள்ள மருந்துகளுக்குள் எதை எவ்வளவு எடுப்பது என்பதை அந்தந்த நிலையமே பார்த்துக்கொள்ள வேண்டும். மலையடிவார ஊருக்குப் பாம்புக்கடி மருந்து கூடுதலாக வேண்டியிருக்கும், டவுனுக்குச் சர்க்கரை மாத்திரை. ஒன்றில் கை தாராளமானால் இன்னொன்றில் இடிக்கும். என் பாட்டி மளிகைக்கடை நோட்டை இப்படித்தான் நடத்தினாள். காபித்தூள் அரைக்கிலோ ஏறினால் அந்த மாதம் பாயசத்தில் முந்திரி இருக்காது. அவளுக்குச் சுகாதாரப் பொருளாதாரம் என்ற பெயர் தெரியாது.

அக்கா மகன் ஹவுஸ் சர்ஜன். “ஏண்டா, நீ எழுதுற அமாக்ஸிசிலின் என்ன விலை?” என்று கேட்டேன்.

“டோஸ் கேளுங்க மாமா, சொல்றேன். விலையெல்லாம் ஃபார்மசிஸ்டுக்குத்தான் தெரியும்.”

செலவு-பயன் பகுப்பாய்வு என்றால் என்ன என்று கேட்டிருந்தால் இரண்டு பக்கம் ஒப்பித்திருப்பான். சமுதாய மருத்துவப் பரீட்சைக்கு உருப்போட்டது. கிராமப்புறப் பணியில் சுகாதார நிலையத்திலும் இருந்துவிட்டு வந்தான். மருந்தாளுநர் அறைக்குள் மட்டும் எட்டிப்பார்க்கவில்லை. எட்டிப்பார் என்று யாரும் சொல்லவும் இல்லை. கொள்கை வகுப்புக்குத் தனியாகப் பேராசிரியர் வேண்டாம், ஒரு வாரம் இவனை அந்தக் கிடங்கில் உட்கார வைத்தால் போதும் என்பது என் கட்சி.

அங்கே இன்னொன்றையும் பார்த்திருப்பான். வந்து இறங்கும் மருந்தின் மாதிரியை, தயாரித்தது யார் என்று தெரியாதபடி மறைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். விடைத்தாளில் டம்மி எண் போடுவதுபோல! தேறினால்தான் மருந்து நோயாளிக்குப் போகும். இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான் கேரளமும் ராஜஸ்தானும் தங்களுக்கென்று கழகம் தொடங்கின. 2011இல் ராஜஸ்தான் இலவச மருந்துத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது பின்னால் நின்றது இதே மாதிரிதான்.

ஆசிரியர் இலாகாவிலிருந்து இரண்டாம் முறை போன் வந்துவிட்டது. 2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டம், அதன் பேக்கேஜ் எல்லாம் அடுத்த வாரம். அக்கா மகன் அதற்குள் விலை கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான்.

(தொடரும்)