இளவேனிற் பனிச்சரிவு

ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், அவற்றுள் இரண்டுக்கு முன்பனி, பின்பனி எனப் பெயரிட்டனர். அப்பெயர்களில் வரும் பனி, புல்நுனியில் துளியாக நின்று, கதிரவனைக் கண்டதும் மறைந்துவிடும். இமயமலையில் பொழியும் வெண்பனி அத்தகையதன்று. அது குளிர்காலம் முழுவதும் அடுக்கடுக்காகப் படிந்து, மலைச்சரிவுகளில் பல அடி உயரத்திற்கு நிற்கும். அவ்வாறு நிற்கும் பனி, பெருந்திரளாகப் பெயர்ந்து கீழ்நோக்கிப் பாய்வதே பனிச்சரிவு எனப்படும்.

பெங்களூரில் வெண்பனி பொழிவதில்லை. ஆயினும் தேர்வு முடிந்தபின் இந்நகரிலிருந்து இமயமலைக்குச் சுற்றுலாவாகவும் மலையேற்றத்திற்காகவும் செல்வோர் பலர். ஆகவே இளவேனிற் காலத்துப் பனியின் இயல்பை நாமும் அறிந்திருத்தல் வேண்டும்.

குளிர்காலத்தில், புதிதாகப் பொழிந்த பனியின் சுமையால் சரிவுகள் நிகழ்கின்றன. இளவேனிலில் வெயிலே பெருங்காரணமாகிறது. தெளிந்த இரவில் மேற்பனி உறைந்து இறுகிவிடும். விடியற்காலையில் அதன்மேல் கால் புதையாமல் நடக்கலாம். வெயில் ஏற ஏற மேற்பனி உருகும். உருகிய நீர் அடுக்குகளின் ஊடே இறங்கி, பனித்துகள்களின் பிணைப்பைத் தளர்த்தும். பனியின் எடையைத் தாங்கும் வலிமை அப்பிணைப்புக்கு இல்லாதபோது பனித்திரள் சரிந்துவிடும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் இவ்வாறு நிகழ்வது மிகுதி. எனவே, கண்ணுக்கு இனிதாய்த் தோன்றும் தெளிந்த நண்பகலே இக்காலத்தில் ஆபத்து மிக்க பொழுதாகும்.

2023 ஏப்ரல் 4 அன்று, சிக்கிம் மாநிலத்தில் காங்டாக்கிலிருந்து நாதுலாக் கணவாய்க்குச் செல்லும் சாலையருகே நண்பகல் அளவில் பனிச்சரிவு நிகழ்ந்தது. சுற்றுலாப் பயணியர் எழுவர் உயிரிழந்தனர். பதின்மூன்றாம் மைல் வரையே அவர்களுக்கு அனுமதி வழங்கப்பட்டிருந்ததாகவும், பயணியர் அதனைக் கடந்து சென்றதாகவும் அதிகாரிகள் தெரிவித்தனர். எல்லை குறிப்பது பயணத்தைக் கெடுப்பதற்கன்று, உயிரைக் காப்பதற்கே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

பனிமலைக்குச் செல்வோர் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் வேண்டும்:

1. சண்டிகரில் இயங்கும் பாதுகாப்புத்துறை ஆய்வு நிறுவனம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையை அறிந்த பின்னரே புறப்படுக.
2. விடியுமுன் நடக்கத் தொடங்கி, வெயில் ஏறுமுன் சரிவைக் கடந்துவிடுக.
3. கால் முழங்கால் வரை புதையத் தொடங்கினாலோ, பனியுருண்டைகள் உருண்டு வந்தாலோ உடனே திரும்புக.
4. ஆபத்தான சரிவை ஒருவர்பின் ஒருவராகக் கடக்க. மற்றவர் பாதுகாப்பான இடத்தில் நின்று அவரைக் கவனிக்க.
5. இருப்பிடம் காட்டும் மின்னணுக் கருவி, துழாவுகோல், பனிவாரி ஆகியவற்றை ஒவ்வொருவரும் உடன் கொள்க; அவற்றைப் பயன்படுத்தவும் பழகுக.

பனியில் புதையுண்டவர் பத்து நிமிடங்களுக்குள் மீட்கப்பட்டால், ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். அரைமணி கடந்தால், மூவரில் ஒருவர் பிழைப்பதே அரிது. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சின் பனியாற்றுப் பகுதியில் மதராஸ் படைப்பிரிவு வீரர் பதின்மர் புதையுண்டனர். அவர்களுள் கர்நாடகத்தின் தார்வாட் மாவட்டத்தைச் சேர்ந்த ஹனுமந்தப்பா கொப்பத், பிப்ரவரி 8 அன்று உயிருடன் மீட்கப்பட்டார். நாடே அவருக்காக வேண்டிற்று. எனினும் பிப்ரவரி 11 அன்று தில்லியில் உயிர் நீத்தார். அத்தகைய மீட்பு அரிதினும் அரிது. தொலைவிலிருந்து மீட்புக்குழு வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிடும். எனவே அருகில் நிற்கும் தோழரே முதல் மீட்பர். புதையுண்டவர் இறுதியாகக் காணப்பட்ட இடத்தை நினைவிற்கொண்டு, அங்கிருந்து கீழ்நோக்கித் தேடுதல் அவர்தம் கடமையாகும்.

மலை அடுத்த ஆண்டும் அங்கேயே நிற்கும். வழி தகாதபோது திரும்பி வருவதும் மலையேற்றக் கலையின் ஒரு பகுதியே.

சிந்தித்து விடை தருக

1. இளவேனிலில் விடியற்காலைப் பனிக்கும் நண்பகற் பனிக்கும் உள்ள வேறுபாடு யாது? காரணத்துடன் விளக்குக.
2. உன் குழுவினர் சிகரத்தை நெருங்கிவிட்டனர், வெயிலோ ஏறிவிட்டது. அவர்களைத் திரும்பச் செய்ய என்ன கூறுவாய்? ஐந்து தொடர்களில் எழுதுக.