பயணக் கணிப்பொறியும் வன்தட்டின் ஆயுளும்

மலைச்சாலை அமைப்போர், ரயில் பாதையைச் சோதிப்போர், சுரங்கங்களில் பணி புரிவோர் ஆகியோரிடம் தடித்த உறையுடன் கூடிய மடிக்கணினியைக் காண்கிறோம். விழுந்தாலும் உடையாது, தூறலில் நனைந்தாலும் கெடாது என்பது அதன் பெருமை. ஆயினும், வன்தட்டு என்னும் ஹார்ட் டிஸ்க் அதனுள் இருக்குமாயின், அவ்வுறுப்பு மட்டும் மென்மையானதே. அதன் இயல்பை அறியாதவர் பல மாத உழைப்பை ஒரு நொடியில் இழக்க நேரிடும்.

1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வன்தட்டை முதன்முதலாக அறிமுகப்படுத்தியது. அன்று முதல் அதன் அடிப்படைத் தத்துவம் மாறவில்லை. காந்தப் பூச்சுடைய தட்டு சுழல்கிறது. மடிக்கணினிகளில் அதன் வேகம் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 சுற்று. எழுதவும் படிக்கவும் பயன்படும் முனை, தட்டைத் தொடாமல், சுழற்சியால் எழும் காற்றுப் படலத்தின்மேல் மிதக்கிறது. இடைவெளியோ தலைமயிரின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே. அதிர்ச்சியால் முனை தட்டில் மோதினால் பூச்சு சிதையும். அங்குள்ள செய்தியும் அழியும்.

இதைத் தடுக்க உற்பத்தியாளர் சிலர் தட்டைச் சுற்றி மெத்தை போன்ற பொருளை வைக்கின்றனர். 2003-ஆம் ஆண்டில் ஐ.பி.எம்., கணினி தடுமாறுவதை உணர்ந்து முனையை ஒதுக்கி நிறுத்தும் ஏற்பாட்டைத் தன் மடிக்கணினிகளில் சேர்த்தது. எனினும், உபயோகிப்பவரின் கவனத்துக்கு ஈடு வேறில்லை.

முதலாவதாக, இயங்கும் கணினியைத் தூக்கிச் செல்லலாகாது. ஓய்ந்திருக்கும் தட்டு, சுழலும் தட்டைவிட மிகுந்த அதிர்ச்சியைத் தாங்கும். ஆதலின் ஜீப்பில் ஏறுமுன் கணினியை அணைத்து, சுழற்சி நிற்கும்வரை சற்றுப் பொறுத்திருத்தல் நலம்.

இரண்டாவது, உயரம். சாதாரண வன்தட்டுகள் பலவற்றுக்கு ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரமே இயங்கும் எல்லை. லே நகரமோ சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்று மெலிவதால் முனையைத் தாங்கும் படலமும் மெலிகிறது. எனவே லடாக்கில் பணியாற்றும் நம்மவர், நகரும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி. என்னும் திண்மநிலைச் சேமிப்பகத்தைக் கொள்வது உசிதம்.

மூன்றாவது, வெப்பமும் ஈரமும். குளிரிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் கொணர்ந்த கணினியை உடனே இயக்கலாகாது. உள்ளே பனித்துளி படியக்கூடும். அது அறையின் வெப்பநிலையை அடைந்த பின்னரே இயக்குக. ராஜஸ்தானத்தின் கோடை வெயிலில், மூடிய வண்டிக்குள் அதை விட்டுச் செல்வதும் தவறு.

இறுதியாக ஒன்று. எத்தட்டும், எஸ்.எஸ்.டி. உட்பட, ஒருநாள் ஓயும். விசித்திர ஓசை கேட்டாலோ, கோப்புகள் திறக்கத் தாமதித்தாலோ, அதை எச்சரிக்கையாகக் கொண்டு முதலில் பிரதி எடுக்க வேண்டும். பழுது பார்ப்பது பிறகே. அலுவலக அளவைக் குறிப்பாயினும், ஊரிலிருந்து வந்த குடும்பப் படமாயினும், பிரதி ஒன்றை வேறிடத்தில் வைத்திருப்பவருக்குத் தட்டு பழுதானால் பொருள் நஷ்டம் மட்டுமே. நினைவு நஷ்டம் இல்லை.