மறைந்த கட்டுமானங்களும் நிலைத்த குறிப்புகளும்: உத்திரமேரூர்க் கல்வெட்டு மரபின்வழிச் சென்னை நகர நினைவுகளை அணுகுதல்

ஆய்வுச் சுருக்கம்

சென்னை நகரில் 18ஆம் நூற்றாண்டு முதல் இன்றுவரை பல கட்டடங்களும் பாலங்களும் இருப்புப் பாதைகளும் மறைந்துள்ளன. இவற்றைப் பற்றிய நினைவுகள் ஊர்ப்பெயர், கல், இலக்கியம், வாய்மொழி எனப் பல வடிவங்களில் எஞ்சியுள்ளன. எனினும் இவை அனைத்தும் ஒரே தன்மையான சான்றுகள் அல்ல. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஒன்றைப் பதிவுசெய்யும்போது இடம், காலம், பொறுப்பு ஆகிய மூன்றையும் சுட்டுகின்றன. இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு, சென்னையின் மறைந்த கட்டுமானங்கள் சிலவற்றின் நினைவு எவ்வாறு நிலைத்தது, எவ்வாறு திரிந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உத்திரமேரூர், சென்னை, கல்வெட்டு, இடப்பெயர், பாலம், டிராம், நகர நினைவு.

முன்னுரை

ஒரு கட்டடம் இடிக்கப்பட்ட பின்னர் அதனை நினைவுகூர்வது எளிது; அது எங்கே நின்றது, எப்போது நின்றது, எவர் பொறுப்பில் இருந்தது என்று கூறுவது கடினம். நகர வரலாறு பற்றிய தமிழ் எழுத்துகளில் முதல்வகை நினைவு மிகுதியாகவும், இரண்டாம்வகைக் குறிப்பு குறைவாகவும் காணப்பெறுகின்றன. இவ்விடைவெளியை உணர்ந்துகொள்ளச் சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவிலுள்ள உத்திரமேரூர் தக்கதோர் ஒப்பீட்டுக் களமாக அமைகிறது. அங்கே ஆட்சி செய்த சபை மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் அச்சபை எவ்வாறு இயங்கியது என்பதை இன்றும் படித்தறிய முடிகிறது.

உத்திரமேரூரின் பதிவுமுறை

முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த (கி.பி. 919, 921) இரு கல்வெட்டுகள் உத்திரமேரூரில், இன்று வைகுண்டப் பெருமாள் கோயில் என வழங்கும் கட்டடத்தில் உள்ளன. இதனைச் சபை கூடிய மண்டபமாக அறிஞர் கருதுவர். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டதும், குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டதும் இவற்றால் அறியப்படுகின்றன. சம்வத்சர வாரியத்திற்கு 12 பேர், தோட்ட வாரியத்திற்கு 12 பேர், ஏரி வாரியத்திற்கு 6 பேர் என்னும் எண்ணிக்கையும், 35க்கு மேல் 70க்கு உட்பட்ட வயது வரம்பும், வாரியம் செய்து கணக்குக் காட்டாதோர் தகுதி இழப்பர் என்னும் விதியும் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இடம்பெறுகின்றன.

இக்கல்வெட்டுகள் ஆட்சிமுறை வரலாற்றுக்காகவே பெரிதும் ஆராயப்பட்டுள்ளன. பதிவுமுறை என்ற நோக்கில் பார்க்கும்போது மூன்று கூறுகள் புலனாகின்றன.

முதலாவது, இடஞ்சுட்டல். உத்திரமேரூர் உள்ளிட்ட சதுர்வேதிமங்கலங்களின் நிலக்கொடைக் கல்வெட்டுகளில் ஒரு நிலம் எந்த வதிக்குக் கிழக்கு அல்லது மேற்கு, எந்த வாய்க்காலுக்கு வடக்கு அல்லது தெற்கு, எத்தனையாம் கண்ணாறு என்றவாறு குறிக்கப்படும். நிலத்தின் அழகோ வளமோ பேசப்படுவதில்லை. அதனை மீண்டும் கண்டடையும் வழி மட்டுமே கூறப்படுகிறது.

இரண்டாவது, காலஞ்சுட்டல். 919இல் செய்த ஏற்பாடு இரண்டே ஆண்டுகளில் திருத்தப்பட்டது. திருத்தம் வந்ததும் பழைய விதி அழிக்கப்படவில்லை. இரண்டும் தத்தம் ஆட்சியாண்டுடன் ஒரே கட்டடத்தில் நிற்கின்றன. ஆகவே எது முந்தியது, எது பிந்தியது, எது மாறியது என்பதில் ஐயம் எழுவதில்லை.

மூன்றாவது, பொறுப்புச் சுட்டல். ஏரிக்கு ஏரி வாரியமும், தூர்வாருவதற்கு அறக்கொடையும் உண்டு. இவ்வூர்க் கல்வெட்டுகளில் வயிரமேக தடாகம் எனக் குறிக்கப்படும் ஏரி ஓர் இடப்பெயராக மட்டும் வரவில்லை. பேணப்பட வேண்டிய ஒரு பொருளாக வருகிறது.

இம்மூன்று கூறுகளும் ஒருங்கே அமையும் பதிவு, தான் குறிக்கும் பொருள் மறைந்த பின்னரும் சான்றாக நிற்கும். ஒன்று குறையினும் நினைவு திரியத் தொடங்கும். சென்னையின் எடுத்துக்காட்டுகள் இதனை உறுதிப்படுத்துகின்றன.

பெயர் மட்டும் எஞ்சிய நிலை

சென்னையில் பாலத்தை 'வாராவதி' என்பது பழைய வழக்கு. மயிலாப்பூருக்கு அருகில் பக்கிங்காம் கால்வாயின்மீது அமைந்த ஹாமில்டன் பாலம் மக்கள் நாவில் 'அம்பட்டன் வாராவதி' ஆயிற்று என்றும், அப்பெயரின் பொருளை ஆங்கிலேயர் தம் மொழியில் பெயர்த்து 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என வழங்கினர் என்றும் பரவலாகக் கூறப்படுகிறது. இன்று அது அம்பேத்கர் பாலம் எனப் பெயர் பெற்றுள்ளது. ஓர் ஆளின் பெயர் ஒலித்திரிபால் ஒரு தொழிற்குடியின் பெயராகி, மொழிபெயர்ப்பால் வேறொரு மொழிக்குள் நுழைந்து, பின்னர் மறைந்திருக்கிறது. பெயரை மட்டும் கொண்டு வரலாறு எழுதுவோர் அங்கே முடிதிருத்துவோர் குடியிருப்பு இருந்தது என்று முடிவுகட்ட வாய்ப்புண்டு. இப்பெயர் மாற்றங்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப்போல அடுத்தடுத்து ஆண்டுக் குறிப்புடன் அவ்விடத்தில் நிற்கவில்லை என்பதே சிக்கலின் வேர்.

'வால்டாக்ஸ் சாலை' இதற்கு மறுதலையான சான்று. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கறுப்பர் நகரைச் சுற்றி மதில் எழுப்பப்பட்டது. அதன் செலவை ஈடுகட்டக் குடிகள்மீது வரி விதிக்கத் திட்டமிடப்பட்டது. ஆயின் அவ்வரி தண்டப்படவில்லை என்பர். மதிலின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. மறைந்த மதிலையும் வாங்கப்படாத வரியையும் ஒரு சாலையின் பெயர் இன்றும் சுமக்கிறது. இங்கே பெயர் இடத்தைச் சரியாகக் காட்டுகிறது. நிகழ்ச்சியைத்தான் தவறாகக் காட்டுகிறது. இடப்பெயராய்வில் இவ்விரு நிலைகளையும் வேறுபடுத்திக் காண்பது இன்றியமையாதது.

கல் எஞ்சிய நிலை

அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் 1726இல் கட்டப்பட்ட பாலம் 'மர்மலாங் பாலம்' எனப்பட்டது. இது மாம்பலம் என்னும் பெயரின் திரிபு. ஆர்மேனிய வணிகரான கோஜா பெட்ரூஸ் உஸ்கான் தம் சொந்தச் செலவில் இதனைக் கட்டியதோடு, பராமரிப்புக்கும் பொருள் ஒதுக்கினார். பரங்கிமலைக்குச் செல்லும் அடியார்க்காகப் படிக்கட்டுகள் அமைத்தவரும் இவரே. 1960களில் பழைய பாலம் நீக்கப்பட்டுப் புதிய பாலம் எழுந்தது. அது மறைமலையடிகள் பாலம் எனப் பெயர் பெற்றது. பழைய பாலத்தின் கல்வெட்டு மட்டும் சாலையோரத்தில் எஞ்சியது.

இப்பாலத்தின் நினைவு ஹாமில்டன் பாலத்தின் நினைவைவிட உறுதியாக நிற்பதற்குக் காரணம் வெளிப்படை. கட்டியவர் யார், எப்போது, எவ்வாறு பேணப்பட வேண்டும் என்னும் மூன்றுக்கும் விடை உண்டு. வயிரமேக தடாகத்துக்குத் தூர்வார அளித்த கொடையும், அடையாற்றுப் பாலத்துக்கு உஸ்கான் ஒதுக்கிய பொருளும் காலத்தால் பல நூற்றாண்டு விலகியவை. எனினும் கட்டியதைப் பேணுவதும் அறத்தின் பகுதி என்னும் கருத்தால் ஒன்றுபட்டவை.

எல்லைத் தூண்களும் இவ்வகையினவே. பிரெஞ்சு முற்றுகைக்குப் (1758-59) பின்னர்க் கோட்டைக்கு வடக்கே இருந்த பழைய கறுப்பர் நகரம் அகற்றப்பட்டு வெற்றிடமாக்கப்பட்டது. அதன் எல்லையைக் காட்ட 1773இல் ஆறு தூண்கள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்றே இன்று பாரிமுனையில் எஞ்சியுள்ளது. அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இடம்பெயர்ந்து பூக்கடைப் பகுதியில் மீண்டும் எழுந்தது. பழைய நகரம் இருந்த நிலத்தின் ஒருபகுதியில் 1892இல் உயர்நீதிமன்றக் கட்டடம் அமைந்தது. ஒரு முழுக் குடியிருப்பின் எல்லையை இன்று நேரில் காட்டுவதற்கு ஒற்றைத் தூணே துணை.

தடம் எஞ்சாத நிலை

இருப்புப் பாதைகளின் நிலை வேறு. கட்டடம் இடிந்தால் மனை எஞ்சும். பாலம் போனால் கரை எஞ்சும். தண்டவாளம் பெயர்க்கப்பட்டால் அவ்விடம் மறுநாளே சாலையாகிவிடும்.

1837இல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை சாலைப் பணிக்கான கல் கொண்டுவர ஓர் இருப்புப் பாதை இயங்கியது. ஆர்தர் காட்டன் இதன் உருவாக்கத்தில் பங்கேற்றார். பம்பாய்–தாணே பயணிகள் இரயில் (1853) ஓடுவதற்கு 16 ஆண்டுகள் முன்னதாகவே இது செயல்பட்டது. சில ஆண்டுகளே நீடித்த இப்பாதை நகர மக்களின் வாய்மொழி நினைவில் இடம்பெறவில்லை. ஏடுகளில் மட்டுமே உள்ளது. மாறாக, 1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் நிலையம் கட்டடமாக இன்றும் நிற்பதால் தென்னிந்திய இரயில் வரலாற்றின் தொடக்கமாக அதுவே பலராலும் நினைக்கப்படுகிறது. எஞ்சி நிற்பது தொடக்கமாகத் தோன்றுவதும், மறைந்தது இல்லாததாகத் தோன்றுவதும் நகர நினைவின் இயல்பான பிழைகள்.

1895இல் தொடங்கி 1953 ஏப்ரலில் நின்ற சென்னை டிராம், இந்தியாவின் முதல் மின்சார டிராம் சேவை. அதன் தண்டவாளம் சாலைகளில் இல்லை. ஆயின் தமிழ்ப் புனைகதையில் உண்டு. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதைத் தொடக்கத்தில், பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் நின்று கந்தசாமிப் பிள்ளை ஒரு கணக்குப் போடுகிறார். டிராமில் போனால் மிஞ்சும் காசில் வெற்றிலை போடலாமா, பேருந்தில் போய்க் காப்பி குடிக்கலாமா என்பதே அக்கணக்கு. டிராம் நிறுவனத்தின் வரவுசெலவு ஏடு எத்தனை பேர் பயணித்தனர் என்று கூறலாம். ஒரு நடுத்தர மனிதனுக்கு அப்பயணம் எதற்கு ஈடாக இருந்தது என்பதை இக்கதையே கூறுகிறது. இடமும் கட்டணமும் சுட்டும் இத்தகைய இலக்கியக் குறிப்புகளைத் தொகுத்து நிலப்படத்தோடு பொருத்தும் ஆய்வு தமிழ்த்துறைகள் செய்யத்தக்கது.

1931இல் மின்மயமான கடற்கரை–தாம்பரம் மீட்டர் பாதையும் 2004இல் முடிவுக்கு வந்தது. அதே வழியில் அகலப்பாதை ஓடுவதால் மறைவு உணரப்படவே இல்லை. பயன் தொடர்ந்தால் பொருள் மறைந்ததை மக்கள் கவனிப்பதில்லை என்பதற்கு இது சான்று.

பெயர் இடம்பெயர்ந்த நிலை

1898இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட், 1985 மே மாதத் தீவிபத்தில் அழிந்தது. பழைய நூல்களுக்குப் பெயர்பெற்ற அவ்வங்காடி தமிழ் ஆய்வாளர்க்கு ஒரு நூலகம்போல் பயன்பட்டது. அவ்விடத்தில் இன்று சென்ட்ரல் புறநகர் இரயில் முனையம் இயங்குகிறது. இரயில்வே வழக்கில் அது 'மூர் மார்க்கெட் வளாகம்' எனப்படுகிறது. இளந்தலைமுறைக்கு அப்பெயர் ஒரு நிலையத்தின் பெயர். பெயர் அதே இடத்தில் நிற்கிறது. பெயர் குறித்த பொருள் மாறிவிட்டது. 919ஆம் ஆண்டு விதியை 921ஆம் ஆண்டு விதியின் அருகிலேயே நிற்கவிட்ட உத்திரமேரூர் முறை இங்கே பின்பற்றப்பட்டிருந்தால், நிலையச் சுவரில் நான்கு வரியே போதுமானதாக இருந்திருக்கும்.

இன்றைய தேவை

இதுவரை கூறியன கடந்தகாலம் பற்றியவை அல்ல என்பதைக் காஞ்சிபுரம் மாவட்டத்தின் இன்றைய நிலை உணர்த்துகிறது. சென்னையின் இரண்டாம் விமான நிலையத்திற்கான இடமாகப் பரந்தூர் 2022இல் அறிவிக்கப்பட்டது. ஏகனாபுரம் முதலிய ஊர்மக்கள் எதிர்ப்புத் தெரிவித்து வருகின்றனர். அத்திட்டத்தின் நன்மை தீமைகள் இக்கட்டுரையின் பொருளல்ல. ஆயின் ஏரி, வாய்க்கால், களம், கோயில், ஊர்ச்சாவடி ஆகியவற்றின் பெயர்களும் எல்லைகளும் அப்பகுதியில் எழுதப்பட வேண்டிய காலம் இதுவே. நகரம் தன்னுள் மறைந்தவற்றை மட்டுமன்றித் தான் விரியும்போது மறைக்கப்போகும் ஊர்களையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இதற்குப் பெருநிதி தேவையில்லை. கல்லூரித் தமிழ், வரலாற்றுத் துறைகளின் களப்பணியில் ஒவ்வொரு கட்டுமானத்திற்கும் மூன்று வினாக்கள் போதும்: இதன் நான்கெல்லை யாது? இது எப்போது தோன்றி எப்போது எவ்வாறு மாறியது? இதனைப் பேணியவர் யாவர்? பழைய பெயரை நீக்கிப் புதிய பெயரை எழுதாமல், இரண்டையும் ஆண்டுடன் அடுத்தடுத்து எழுதுதல் வேண்டும். வாய்மொழிச் செய்தியை வாய்மொழி என்றே குறித்தல் வேண்டும்.

தொகுப்புரை

சென்னையின் மறைந்த கட்டுமானங்களுள் இடம், காலம், பொறுப்பு மூன்றும் பதிவானவை (மர்மலாங் பாலம்) உறுதியாக நினைக்கப்படுகின்றன. இடம் மட்டும் பதிவானவை (மதில், மூர் மார்க்கெட்) பெயராகச் சுருங்குகின்றன. காலத்தொடர்ச்சி பதிவாகாதவை (ஹாமில்டன் பாலம்) திரிகின்றன. மண்ணில் தடமின்றி ஏட்டில் மட்டும் பதிவானவை (செங்குன்றம் பாதை) பொதுநினைவிலிருந்து நீங்குகின்றன. இலக்கியம் இவ்விடைவெளியைச் சில இடங்களில் நிரப்புகிறது. உத்திரமேரூர்ச் சபையார் தம் ஊரை நினைவில் நிறுத்தவேண்டும் என்று எழுதவில்லை. கணக்குத் தவறக்கூடாது என்றே எழுதினர். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் நினைவாக நிற்பது அக்கணக்கே.