ஏறிய கியரிலேயே இறங்குங்கள்!

கொட்டகையில் நிற்கும் காரும் தேயும்... அமாவாசைக்கு அமாவாசை பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்

தேனியை ஒட்டி, கம்பம் போகும் சாலையில் இருக்கிறது பழனிசெட்டிபட்டி. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளையும் ஊர். கார்த்திகை பிறந்துவிட்டால் மகரஜோதி வரை இந்தச் சாலைக்கு உறக்கம் கிடையாது. சபரிமலைக்குப் போகும் வண்டிகளும் திரும்பும் வண்டிகளும் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த வரிசையில் உள்ளூர் விவசாயிகளின் கார்களும் உண்டு. பெரும்பாலும் இரண்டாவது கையாக வாங்கியவை. மாதத்தில் இருபது நாள் கொட்டகையில் வைக்கோலுக்குப் பக்கத்தில் நிற்கும். உரம் வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போக, ஒரு கல்யாணம் காட்சிக்கு என்று அவ்வப்போது வெளியே வரும். பிறகு ஒருநாள் விடிகாலையில் ஐந்து பேர் உட்காரும் வண்டியில் ஏழு பேர் ஏறுவார்கள். மேலே மூட்டை, பின்னால் சாப்பாட்டுத் தூக்கு. நேராக மலைதான்.

கம்பம் பள்ளத்தாக்கு மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பூமி. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என எந்தப் பக்கம் கேரளாவுக்குப் போனாலும் மலை ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். 2022 டிசம்பர் 23 இரவு, சபரிமலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஆண்டிபட்டிப் பகுதி பக்தர்களின் கார் குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்து 8 பேர் இறந்தார்கள். வீட்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரம்கூட இல்லாத தூரம். அந்தச் செய்தியைக் கேட்ட பிறகும், மலைக்குக் கிளம்பும்போது பெட்ரோல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வண்டியை எடுக்கும் வீடுகள் இங்கே குறைவில்லை.

பிரேக் தாங்கும் சூடு எவ்வளவு?

ஏறும்போது வண்டி திணறும், இறங்கும்போது சுகமாகப் போகும் என்பது பலரின் நினைப்பு. உண்மையில் ஆபத்து இறக்கத்தில்தான். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்.

போடிமெட்டிலிருந்து அடிவாரத்தில் இருக்கும் முந்தல் வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 3,000 அடி இறக்கம். ஆட்களோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் சக்தி ஏறக்குறைய மூன்றரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். உங்கள் கிணற்றில் 5 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் மின்சாரம் இது. இதில் ஒரு பகுதியை டயரும் காற்றும் வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் எங்கேயாவது சூடாக மாறித்தான் தீர வேண்டும். கியரைக் கவனிக்காமல் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால், அந்தச் சூடு உள்ளங்கை அகல பிரேக் பேடுகளில் போய் உட்காரும். முதலில் கருகல் வாடை வரும். அடுத்து, மிதிக்க மிதிக்கப் பிடிமானம் குறையும்.

அதனால்தான் மலைப்பாதை டிரைவர்கள், 'ஏறுன கியர்லயே இறங்கு' என்கிறார்கள். இரண்டாவது கியரில் ஏறிய இடத்தை இரண்டாவது கியரில்தான் இறங்க வேண்டும். அப்போது இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். பிரேக்குக்கு வளைவுகளில் மட்டும்தான் வேலை. ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் 'எல்', '2' அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றிக்கொண்டு இறங்கலாம்.

பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குவதும் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவதும் உயிரோடு விளையாடுவதுதான். இன்ஜின் நின்றால் பிரேக்கை லேசாக்கும் பூஸ்டரும் செயலிழக்கும். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் இறுகும்.

குறுகலான இடத்தில் எதிரே வண்டி ஏறி வந்தால், இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும். இது மரியாதை மட்டுமல்ல, சட்டமும்கூட.

யாரும் பார்க்காத சின்ன டப்பா

பானெட்டைத் திறந்தால் டிரைவர் பக்கம் ஒரு சின்ன டப்பா இருக்கும். அதுதான் பிரேக் ஆயில் டப்பா. இன்ஜின் ஆயிலை மாற்றுகிறவர்கள்கூட இதைப் பல வருடம் மறந்துவிடுகிறார்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். டாட் 4 வகையில் இந்த அளவு 230 டிகிரியிலிருந்து 155 டிகிரிக்கு இறங்கும். மலை இறக்கத்துச் சூட்டில் ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி சேரும். அப்போது பிரேக்கை மிதித்தால் கால் தரைவரை போகும், வண்டி நிற்காது. ஊருக்குள் ஓட்டும்போது நன்றாகப் பிடித்த பிரேக், மலையில் திடீரென்று கைவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எனவே, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்க்காமல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றிவிடுங்கள். டாட் 3, டாட் 4 என்பதில் உங்கள் வண்டிக்கு எது என்று டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும்.

டப்பாவில் அளவு குறைந்தால் உடனே ஊற்றி நிரப்பிவிடக் கூடாது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் எங்கே உடைப்பு என்று தேடுகிறோம் இல்லையா? அதுபோல, பேட் தேய்ந்திருக்கிறதா, எங்காவது கசிகிறதா என்று மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

அமாவாசை பார்வை

அமாவாசையன்று ஏர் பூட்டுவதில்லை, மாட்டுக்கு ஓய்வு என்பது பல ஊர்களில் பழக்கம். அன்றைக்குக் காலையில் காருக்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நிறைய ஓடும் காருக்குக் கிலோமீட்டர் கணக்கு சரி. நின்றுகொண்டே இருக்கும் நம் கார்களுக்கு மாதக் கணக்குதான் பொருந்தும்.

டயர்: வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பாருங்கள். எவ்வளவு காற்று வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். முழுப் பாரத்துக்கு அளவு தனி. ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம். டயர் பள்ளங்களுக்கு நடுவே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால், மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான் என்று பொருள். சட்டப்படியும் அதுதான் கடைசி எல்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பள்ளம் நிறைய இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு விட்ட பழைய டயரோடு மலை ஏறக் கூடாது.

இன்ஜின் ஆயில்: சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் இருக்க வேண்டும்.

கூலன்ட்: இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் பாருங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

விளக்கும் வைப்பரும்: ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து பிரேக்கை மிதித்துப் பாருங்கள். பின்னால் எரியும் சிவப்பு விளக்குதான் மலையில் உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கு எச்சரிக்கை. வைப்பர் ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

வண்டிக்கு அடியில்: வண்டி நின்ற இடத்தில் தரை ஈரமாக இருக்கிறதா? ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரால் பாதகமில்லை. எண்ணெய்ப் பிசுக்கோ, நிறமுள்ள திரவமோ இருந்தால் விடக் கூடாது.

கடைசியாக, வண்டியை எடுத்து ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது கீச்சென்று சத்தம் வருகிறதா? பெடல் பஞ்சுபோல அமுங்குகிறதா? வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும், மெக்கானிக் பார்க்கும்வரை மலைப் பயணம் வேண்டாம்.

பாரமும் பெல்ட்டும்

யூரியா மூட்டை ஒன்று 45 கிலோ. நான்கு மூட்டை பின்னால் போட்டால் 180 கிலோ, மூன்று பெரியவர்கள் ஏறியதற்குச் சமம். அந்தப் பாரத்தோடு சாதாரணக் காற்றளவில் ஓட்டினால் டயர் சூடேறும், பிரேக் பிடிக்கத் தூரம் அதிகமாகும். கார் டாப்பில் மூட்டை கட்டினால் வளைவுகளில் வண்டி சாயும் வேகமும் கூடும்.

பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும். போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும் அதே அபராதம் உண்டு. முன்சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளவே கூடாது. மோதலில் ஏர்பேக் விரியும் வேகத்தைப் பிஞ்சு உடம்பு தாங்காது. ஏழு பேர் போக வேண்டுமென்றால் ஏழு பெல்ட் உள்ள வண்டியை வாடகைக்கு எடுப்பதுதான் சரி.

பிரேக் பிடிக்காமல் போனால்?

இன்ஜினை அணைக்காதீர்கள். பெடலை வேகமாக விட்டு விட்டு மிதியுங்கள், கொஞ்சம் பிடிமானம் திரும்பலாம். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல் மெதுவாக உயர்த்துங்கள். ஹார்னும் விளக்கும் எதிரே வருகிறவர்களை எச்சரிக்கும். வேறு வழியே இல்லையென்றால் மலைப் பக்கம் உரசி நிறுத்துங்கள், பள்ளத்துப் பக்கம் வேண்டாம். நின்ற பிறகு சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இரும்பு கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம். அரை மணி நேரம் தானாக ஆறட்டும். அதன் பிறகும் ஓட்டிப் போகாமல் மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.

விபத்தைப் பார்த்தால் 108-க்கு அழையுங்கள். உதவி செய்தவரைப் போலீசோ மருத்துவமனையோ கட்டாயப்படுத்தி அலைக்கழிக்க முடியாதபடி சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைக்கும்.

அடுத்த அமாவாசைக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரைப் பாருங்கள். அதற்குள் மலைக்குப் போவதாக இருந்தால், அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே பானெட்டைத் திறந்துவிடுங்கள்.

விவசாயிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

'கார் வருடத்துக்கு 2,000 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. இன்ஜின் ஆயில் மாற்ற வேண்டுமா?'

கட்டாயம் மாற்ற வேண்டும். பல கார்களின் கையேட்டில், 'இத்தனை கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது' என்றுதான் இருக்கும். குறைந்த தூரம் ஓடி நிறுத்தும் வண்டியில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதில்லை. ஆயிலில் ஈரமும் கசடும் தங்கிவிடும். வாரம் ஒருமுறை இருபது நிமிடம் ஓட்டினால் பேட்டரிக்கும் நல்லது, டயர் ஒரே இடத்தில் அமுங்கி நிற்பதும் குறையும்.

'ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றலாமா?'

கூடாது. சொட்டுநீர்க் குழாயில் உப்பு அடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். கையேட்டில் சொன்ன கூலன்ட்டை மட்டும் ஊற்றுங்கள். வழியில் அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்ற நேர்ந்தால், ஊர் திரும்பியதும் அதை வடித்துவிட்டு கூலன்ட் நிரப்பிவிடுங்கள்.

'கொட்டகையில் நிற்கும் காரில் எலி ஒயரைக் கடித்துவிடுகிறது. என்ன செய்வது?'

வைக்கோல், தவிடு, தீவன மூட்டைகளைக் காருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். நாள் கணக்கில் ஒரே இடத்தில் நிறுத்தாமல் இடம் மாற்றுங்கள். பகலில் பானெட்டைத் திறந்து வைத்தால் இருட்டு தேடும் எலி தங்காது. சில நாள் நின்ற வண்டியை எடுக்கும்போது, முதலில் பானெட்டைத் திறந்து ஒயர்களைப் பார்த்துவிட்டே சாவியைத் திருப்புங்கள்.

'மழைக்காலத்தில் பல நாள் நின்ற கார் நகரவே மாட்டேன் என்கிறதே?'

ஹேண்ட் பிரேக் போட்ட நிலையில் ஈரத்தில் நின்றால், லைனிங் துருவோடு ஒட்டிக்கொள்ளும். நாள் கணக்கில் நிறுத்தும்போது சமதளத்தில் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து வையுங்கள். எடுக்கும்போது கல்லை எடுக்க மறக்க வேண்டாம்.

'தோட்ட வேலைக்கு ஆட்களைச் சொந்தக் காரில் ஏற்றிக் கூலி வாங்கலாமா?'

கூடாது. சொந்த உபயோகத்துக்கான கார் இன்ஷூரன்ஸ், வாடகைக்கு ஓட்டும்போது பொருந்தாது. விபத்து நடந்தால் நஷ்ட ஈடு உங்கள் தலையில் விழும், நிலத்தை விற்றுக் கட்ட வேண்டிய நிலை வரலாம். அதற்குரிய பெர்மிட் உள்ள வண்டியை, அனுமதித்த எண்ணிக்கையில் மட்டும் ஆட்களை ஏற்றி ஓட்ட வேண்டும்.

'பழைய கார் வாங்கியிருக்கிறேன். இன்ஷூரன்ஸ் முன்னவர் பெயரிலேயே இருக்கலாமா?'

வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று முன்னவருக்கே தெரியாவிட்டால், வாங்கிய வாரத்திலேயே புதிதாக மாற்றிவிடுவது நல்லது.