இமயத்துக்குப் புறப்படுமுன்

பெரகலக் குளிருக்குப் பழகிய நமக்கும் இமயம் புதிதே. நம் பீதுருதாலகாலை 2,524 மீற்றர். நேபாளத்து முக்திநாதமோ ஏறத்தாழ 3,700 மீற்றர்.

அத்தலத்தைத் தரிசிக்க விழைவோர் நேபாள விசாச் செலவை எண்ணி மலைக்க வேண்டியதில்லை. சார்க் நாட்டவராகிய நமக்கு, ஆண்டின் முதற் பயணத்துக்கு 30 நாள் விசா இலவசம். அன்னபூர்ணாப் பகுதிக்கான அனுமதிக் கட்டணமும் பிற நாட்டவரிலும் நமக்குக் குறைவு.

இடர் இந்தியாவிலேதான். இந்தியருக்கு நேபாள எல்லை திறந்த வாயில். நமக்கு அஃது அவ்வாறன்று. காசியைக் கண்டு தரைவழியே நேபாளம் புகுந்து, மீண்டும் இந்தியா வழியே திரும்ப எண்ணுவோர்க்கு ஒருமுறை நுழைவு விசா போதாது. மின்விசாவாயின், தாம் கடக்கும் எல்லைச் சாவடியில் அது செல்லுமா எனவும் முன்னரே அறிதல் நன்று. வாழ்நாட் சேமிப்போடு புறப்படும் தோட்டத்து முதியோர் எல்லையிலே தவித்து நிற்கலாகாது.

பொக்காராவிலிருந்து விமானமேறி ஜொம்சொம்மில் இறங்குவோர், உடல் உயரத்துக்குப் பழக ஓரிரு நாள் தங்குக. பலத்த காற்றினால் விமானம் தடைப்படுவதும் அங்கு வழக்கம். அந்நாட்களின் விடுதிச் செலவையும் கணக்கிற் சேர்த்துக்கொள்க.