இரண்டு ஆண், இரண்டு பெண், ஒரே கோப்பை!

“பையனோட ஜோடி சேர்ந்து விளையாடறதா? நம்ம வீட்டுப் பொண்ணா?”

என் மாமியார் இப்படிக் கேட்டதும், காப்பி டம்ளரும் கையுமாக நான் பேசாமல் நின்றேன். மயிலாப்பூரில் எங்கள் ஃபிளாட்டில் பொங்கல் விடுமுறைக்கு ஷட்டில் போட்டி வைப்பதாக இருந்தார்கள். அதில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஆடும் கலப்பு இரட்டையர் ஆட்டமும் உண்டு. ஒன்பதாவது படிக்கும் என் பெண், எதிர்வீட்டுப் பையனோடு சேர்ந்து பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். ‘பாட்டிக்குப் பிடிக்கலைடீ, விட்டுடு’ என்று சொல்லிவிடலாம் என்றுதான் நானும் இருந்தேன். பாட்டி பேரைச் சொன்னேனே தவிர, எனக்கும் உள்ளூர அது சரியாகப் படவில்லை. உங்களிடம் ஒப்புக்கொள்வதற்கு என்ன?

இது 2025 டிசம்பரில். அந்த மாதம் 14-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஒரு கல்யாணத்துக்குப் பரிசு வாங்குவதற்காக நானும் பெண்ணும் ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூவுக்குப் போனோம். உள்ளே நுழைந்தால் ஒரே கைதட்டல்! கட்டடத்தின் நடுவே கண்ணாடிச் சுவர்கள் வைத்து ஓர் அறை. அதற்குள் இரண்டு பெண்கள் பந்தைச் சுவரில் மாறி மாறி அடித்துக் கொண்டிருந்தார்கள். ஸ்குவாஷ் உலகக் கோப்பையின் இறுதிப் போட்டி. இந்தியாவும் ஹாங்காங்கும்! (ஸ்குவாஷ் என்றால் எனக்கு அதுவரை எலுமிச்சை ஸ்குவாஷ்தான் தெரியும்.)

மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். முன்சுவரின் அடியில் ஒரு தகரம் இருக்கிறது. அதற்கு மேலே படும்படி பந்தை அடிக்க வேண்டும். அது தரையில் இரண்டாம் முறை விழுவதற்குள் எதிராளி திருப்பி அடிக்க வேண்டும். சின்ன ரப்பர் பந்து. தோசைக்கல் மாதிரி, சூடு ஏறினால்தான் ஒழுங்காக எழும்புமாம். இந்தப் போட்டியில் 7 புள்ளி எடுத்தால் ஒரு கேம்.

அடுத்து அவர் சொன்னதில்தான் என் மனம் நின்றது. ஓர் அணியில் இரண்டு ஆண், இரண்டு பெண். பெண்ணோடு பெண்ணும் ஆணோடு ஆணும் தனித்தனியாக மோதுவார்கள். ஆனால் யார் ஜெயித்தாலும் அணிக்குக் கிடைப்பது அதே ஒரு வெற்றிதான். 2011-ல் இதே சென்னையில் நடந்தபோது இரண்டு ஆணுக்கு ஒரு பெண் என்று இருந்ததாம். 2023-லிருந்து சரிக்குச் சரி. கர்லிங் என்று, ஐஸ் தரையில் கல்லைச் சறுக்கவிடும் ஒரு விளையாட்டு இருக்கிறதே, அதில் இப்படிப்பட்ட கலப்பு அணிகளுக்கு கனடாக்காரர்கள் 1964-லேயே தேசியப் போட்டி தொடங்கிவிட்டார்கள். அங்கே ஆணும் பெண்ணும் மாறி மாறித்தான் கல்லை விட வேண்டும்.

முதலில் இறங்கியவர் நம் சென்னை ஜோஷ்னா சின்னப்பா. வயது 39! நான் இரண்டு மாடி ஏறினாலே முழங்காலைப் பிடித்துக்கொள்கிறேன். எதிரே ஆடிய லீ கா யி தரவரிசையில் இவரைவிட மேலே இருந்தவர். முதல் கேம் 7-3. அடுத்தது 2-7 என்று போனதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகு 7-5, 7-1 என்று முடித்தார் பாருங்கள்! அடுத்து அபய் சிங், அவரும் சென்னைக்காரர், நேர் கேம்களில் ஜெயித்தார். மூன்றாவதாக வந்தது 17 வயது அனாஹத் சிங். ஜோஷ்னாவுக்கும் இவளுக்கும் 22 வருஷ வித்தியாசம். தாயும் பெண்ணும் மாதிரி. அவளும் ஜெயிக்க, 3-0. இந்தியாவுக்கு இந்தக் கோப்பை அதுதான் முதல் தடவை. நான்காவதாக ஆடவேண்டிய வேலவன் செந்தில்குமாருக்கு அன்று வேலையே இல்லை. ஆனால் கோப்பை நால்வருக்கும்தான்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு சேதி. சென்னையின் தீபிகா பள்ளிகலுக்கு 2021 அக்டோபரில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. 2022 ஏப்ரலில் கிளாஸ்கோவில் நடந்த உலக இரட்டையர் போட்டியில், சௌரவ் கோஷலோடு கலப்பு இரட்டையரிலும், ஜோஷ்னாவோடு பெண்கள் இரட்டையரிலும் தங்கம் வாங்கினார். நடுவில் ஆறே மாதம்! அவருக்குச் சின்ன வயதிலிருந்து பயிற்சி பெற்ற உடம்பு. நீங்கள் டாக்டரைக் கேட்காமல் குதிக்க வேண்டாம். குழந்தைகளை ஸ்குவாஷுக்கு அனுப்பினால் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுத்தான் அனுப்புங்கள். அந்தப் பந்து கண்குழிக்குள் போய்விடும் அளவுக்குச் சின்னது.

மறுநாள் பேப்பரில் வந்த படத்தை மாமியாரிடம் காட்டினேன்.

“இந்தப் பையன்கள் யாரு?”

“கூட விளையாடறவங்கம்மா.”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “கீழேதானே விளையாடப் போறா? நான் பால்கனியிலேர்ந்து பார்த்துக்கறேன்” என்றார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பொங்கலுக்கு மறுநாள் ஆட்டம். முதல் சுற்றிலேயே இருவரும் தோற்றுப் போனார்கள். பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். மாமியாருக்கோ வேறு கோபம். “அந்தப் பையன் இவளுக்கு ஒரு பந்தாவது விட்டானா? எல்லாத்தையும் அவனே ஓடி ஓடி அடிச்சா எப்படி ஜெயிக்கறது?”

சாயங்காலம் அவனை வீட்டுக்குக் கூப்பிட்டு, முறுக்கு கொடுத்து, அதையே சொல்லியும் அனுப்பினார்.